குனிந்து ஓட்டும் வண்டியும் நிமிர்ந்து பேசிய மருமகளும்

போன வருஷம் ஆவணி மாதம் ஒரு சாயங்காலம். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் 'ட்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். யார் வீட்டுக்கோ யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் எழுந்திருக்கவே இல்லை. "அத்தை, கொஞ்சம் வெளியில வந்து பாருங்க" என்று மருமகள் குரல் கொடுத்த பிறகுதான் போனேன்.

வாசலில் நீல நிறத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் வெட்டுக்கிளி மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் என் பிள்ளை, முகமெல்லாம் சிரிப்பு.

"செகண்ட் ஹாண்ட்தான் அம்மா. 68,000 ரூபாய்க்கு முடிச்சேன். இனிமே ஆபீசுக்கு இதுலதான்!"

வந்ததே எனக்குக் கோபம்! ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அப்பா. வீட்டில் நல்ல ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது. யாரைக் கேட்டு வாங்கினான்? மூன்று நாள் அவனோடு பேசவில்லை. ஆனால், சகோதரிகளே, பேசாமல் இருந்தால் வண்டி திரும்பிப் போய்விடுமா என்ன?

இவர்தான் மெதுவாகச் சொன்னார்: "அவன் ஸ்கூல் நோட்டு அட்டைக்குள்ள ஒரு பைக் படம் ஒட்டி வச்சிருந்தானே, ஞாபகம் இருக்கா?" ஞாபகம் இருந்தது. 2008-இல் யமஹா ஆர்15 நம் நாட்டில் வந்தபோது இவன் ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். 150 சி.சி., கூலன்ட் திரவத்தால் குளிரும் எஞ்சின், பந்தய வண்டி மாதிரி உடம்பு. நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் கனவிலாவது வாங்கக்கூடிய விலையில் அப்படி ஒன்று வந்ததும் அந்த வயதுப் பையன்கள் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்தது. புதிதாக வாங்க வசதி இல்லை, இப்போது பழையதாக ஒன்று கிடைத்திருக்கிறது. அவன் ஆசை எனக்குப் புரிந்தது. பயம் மட்டும் போகவில்லை.

முதல் மாதத்துச் செலவு

எங்கள் வீடு குரோம்பேட்டையில். அவன் ஆபீஸ் சிறுசேரியில். ரேடியல் சாலை வழியாகத் துரைப்பாக்கம் போய், பழைய மகாபலிபுரம் சாலையில் திரும்பினால் ஒரு வழிக்கு 28 கிலோமீட்டர் ஆகிறது. போக வர 56.

முதல் வாரமே மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தவர், "மீட்டர்ல 21,000 கிலோமீட்டர் காட்டுது. ஆனா கால் வைக்கிற ரப்பர் இவ்வளவு தேய்ஞ்சிருக்கே, சங்கிலிச் சக்கரப் பல்லெல்லாம் கூர் கூரா ஆயிடுச்சே" என்றார். அப்புறம் சீட்டுக்கு அடியில் இருந்த சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால், மூன்று வருஷத்துக்கு முன்பே 34,000 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறது! மீட்டரை யாரோ பின்னால் திருப்பியிருக்கிறார்கள். புரோக்கரோ போனை எடுக்கவே இல்லை.

இரண்டு டயர், சங்கிலி செட், பிரேக் பேட், முன்பக்க ஆயில் சீல் என்று 13,000 ரூபாய் கரைந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண் அச்சிட்டிருக்கும். 2416 என்றிருந்தால் 2016-ஆம் வருஷத்து 24-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தமாம். இந்த வண்டி டயரில் மேலே பள்ளம் நிறைய இருந்தும் ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. காய்கறிக்காரரிடம் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நாம், 68,000 ரூபாய்ப் பொருளைப் பளபளப்பைப் பார்த்து வாங்கலாமா?

பெட்ரோல் கணக்கையும் நானே போட்டேன். மாதம் 22 நாள் என்றால் ஏறக்குறைய 1,230 கிலோமீட்டர். இந்த வண்டி லிட்டருக்கு 40 கொடுக்கிறது. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 3,080 ரூபாய். 60 கொடுக்கிற சாதாரண பைக்காக இருந்தால் 2,050-இல் முடிந்திருக்கும். அதாவது ஆசைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வாடகை! அவனிடம் காட்டினேன். தலையைச் சொறிந்தான்.

கை மரத்துப் போனது

இரண்டாவது மாதம் அவன் காபி டம்ளரை இடது கையால் வாங்குவதைக் கவனித்தேன். "என்னடா?" என்றால், "ஒண்ணுமில்லம்மா, வலது கை விரல் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு" என்கிறான். கழுத்தும் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த வண்டிகளில் கைப்பிடி தாழ்வாக இருக்கும், காலை வைப்பது பின்னால் இருக்கும். அதனால் உடம்பு முன்னால் சாய்கிறது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். நம் ஊர் சிக்னலில் ஊர்ந்து போகும்போது காற்று ஏது? பாரம் முழுவதும் மணிக்கட்டில் விழுகிறது. அதோடு எஞ்சின் அதிர்வும் சேர்ந்தால், உள்ளங்கை வழியாகப் போகிற நரம்பு அழுந்தி விரல் மரக்கிறது.

எலும்பு டாக்டர் சொன்னது இதுதான். கைப்பிடியில் ஊன்றக் கூடாது. இரண்டு முழங்காலாலும் பெட்ரோல் டாங்கை இறுக்கிக்கொண்டு, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்க வேண்டும். முழங்கை தளர்ந்து, லேசாக மடங்கி இருக்க வேண்டும். வழியில் ஒரு தரம் நிறுத்தி, விரல்களை விரித்து மடக்கி, தோளைச் சுழற்றிவிட்டுப் போக வேண்டும். வயிறு, முதுகுத் தசை பலப்படத் தினமும் பத்து நிமிஷம் பயிற்சி. மரப்பு ராத்திரியில் தூக்கத்தைக் கலைத்தாலோ, கையில் பிடித்த பொருள் நழுவினாலோ தள்ளிப் போடாமல் டாக்டரிடம் வந்துவிட வேண்டும்.

ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தான். விரல் சரியாயிற்று. உங்கள் வீட்டிலும் வண்டி ஓட்டுகிறவர் "கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு" என்றால், தைலம் தேய்த்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

அந்தக் கிருத்திகை நாள்

இனி என் தவறைச் சொல்லியாக வேண்டும். அன்று ஸ்கூட்டர் சர்வீசுக்குப் போயிருந்தது. குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். "பின்னாடி உட்கார உனக்குச் சரிப்படாதும்மா" என்றான். "அந்தக் காலத்துல உங்கப்பா சேத்தக்ல உன்னை மடியில வச்சுக்கிட்டே போயிருக்கேன், போடா!" என்று ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

சேத்தக் சீட் வேறு, இது வேறு. உள்ளங்கை அகலத்தில், உயரத்தில், முன்னால் சரிந்த ஒரு சீட். பிரேக் போடும்போதெல்லாம் அவன் முதுகில் மோதினேன். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை.

அனகாபுத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். ஓரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள், "ஐயோ, முந்தானை! முந்தானை சக்கரத்துல!" என்று கத்தினாள். அவன் அப்படியே ஓரம் கட்டினான். பார்த்தால் முந்தானை நுனி சங்கிலிப் பக்கம் போய், கறுப்பு மசியாகி, ஒரு சாண் கிழிந்திருந்தது. இன்னும் இரண்டு சுற்று சுற்றியிருந்தால்? நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. எனக்குக் கால் நடுங்கியதைவிட அவனுக்குக் கை நடுங்கியதுதான் அதிகம். கோயிலுக்குப் போகவில்லை, ஆட்டோவில் வீடு திரும்பினேன்.

பிறகுதான் தெரிந்தது. அந்த வண்டிக்குப் பின்சக்கரத்தை மறைக்கும் சாரி கார்டும் இருந்தது, கைப்பிடிக் கம்பியும் இருந்தது. அழகு கெடுகிறது என்று முந்தைய சொந்தக்காரர் இரண்டையும் கழற்றிவிட்டிருக்கிறார். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் தயாரிக்கும் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. கம்பெனி கொடுக்கிறது, நாம் கழற்றிப் பரணில் போடுகிறோம். சங்கிலி இருப்பது பெரும்பாலும் இடது பக்கம். நம் பெண்கள் காலைத் தொங்கப் போட்டு உட்காருவதும் அதே இடது பக்கம்தான்.

மருமகள் பேசினாள்

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் மருமகள், இதுவரை ஒரு வார்த்தை சொல்லாதவள், பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"வண்டியை விக்கச் சொல்லல. உங்களுக்கு ஆசை, வச்சுக்கோங்க. ஆனா இது ஒருத்தர் போற வண்டி. இதுல நானும் ஏற மாட்டேன், குழந்தையும் ஏறாது, அத்தையும் ஏற மாட்டாங்க. நாம சேர்ந்து போகணும்னா ஸ்கூட்டர், இல்லன்னா ஆட்டோ."

அவன் பதில் பேசவில்லை. அவள் ஒரு காகிதம் எடுத்து வந்து எழுதினாள். மழை கொட்டுகிற நாளில் பஸ். கிழிந்ததற்கும் தேய்ந்ததற்கும் மாதம் ஆயிரம் ரூபாய் தனியாக ஒரு டப்பாவில். சாரி கார்டும் கம்பியும் அந்த வாரமே மாட்டியாக வேண்டும். நாளைக்கு யார் அவசரத்துக்கு ஏறுவார்களோ, யார் கண்டது? நான் மூன்று நாள் பேசாமல் இருந்து சாதிக்காததை அவள் பத்து நிமிஷத்தில் சாதித்துவிட்டாள். மழைக்குப் பஸ் என்றதற்கும் காரணம் சொன்னாள். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டி எல்லாவற்றுக்கும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம் என்று ஆனது 2019 ஏப்ரலில். எங்கள் வண்டி 2016-இல் வந்தது. அதில் அது கிடையாது. ஈரத் தரையில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் வழுக்கும்.

குழந்தை விஷயத்திலும் அவள் சொன்னதுதான் சரி. 2022-இல் வந்த விதிப்படி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இரு சக்கர வண்டியில் ஏற்றினால், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை வேண்டும், குழந்தைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பெட்ரோல் டாங்க் மேல் குழந்தையை உட்கார வைத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றுவது செல்லம் இல்லை, ஆபத்து.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு வண்டி வருவதாக இருந்தால்

1. பணம் கொடுக்கும் முன்பே சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். கடன் பாக்கி, அபராதப் பாக்கி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. 29, 30-ஆம் எண் படிவங்களில் விற்றவரிடம் கையெழுத்து வாங்கி, ஆர்.சி. புத்தகத்தை உங்கள் பெயருக்கு 30 நாளுக்குள் மாற்ற விண்ணப்பியுங்கள். இன்ஷூரன்சை 14 நாளுக்குள் மாற்றக் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம்.

3. எஞ்சின் அளவைக் கவனியுங்கள். 2022 ஜூனில் நிர்ணயித்தபடி மூன்றாம் நபர் இன்ஷூரன்சுக்கு 75-க்கு மேல் 150 சி.சி. வரை வருஷத்துக்கு 714 ரூபாய். 150-ஐத் தாண்டி 350 வரை 1,366 ரூபாய். வரி தனி.

4. முகம் முழுவதும் மூடும் ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட் வாங்குங்கள். தாடைப் பட்டையைப் பூட்டாத ஹெல்மெட், தலையில் கவிழ்த்த சட்டிதான். உள் துணியை வாரம் ஒரு முறை துவைத்து நிழலில் காயப் போடுங்கள். பொடுகும் நாற்றமும் வராது.

5. சங்கிலிக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு தரம் எண்ணெய் போடச் சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் துடைக்க வேண்டும். ஓடுகிற சங்கிலியில் துணியை வைத்து விரலை இழந்தவர்கள் உண்டு.

6. வண்டி வந்து நின்றதும் குழந்தையை அருகில் விடாதீர்கள். சைலன்சர் கொதிக்கும். சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், மஞ்சள், மை, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தால் உடைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வண்டி இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அதைத் துடைப்பான். பேத்தி திண்ணையில் உட்கார்ந்து, "அப்பா வண்டி" என்று கை தட்டுவாள், அங்கிருந்தபடியே! டப்பாவில் ஆயிரம் விழுந்ததா என்று மருமகள் மாதம் முதல் தேதி பார்த்துவிடுவாள்.

எனக்கு? சாயங்காலம் ஏழரை மணி ஆனால் காது வாசலுக்குப் போய்விடும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். ஆசைப்பட்டதை வேண்டாம் என்று தடுக்க நம்மால் எப்போதும் முடிவதில்லை, சகோதரிகளே. ஆனால் எப்படி வைத்துக்கொள்வது என்று உட்கார்ந்து பேசலாம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாளைக் கழிப்பதைவிட அது எவ்வளவோ மேல். நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். நீங்கள் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.