பதற்ற நாளில் ஆலயம் யார் பக்கம்?

ஊரில் சாதிப் பதற்றம் எழும்போதெல்லாம் ஆலயங்களில் அமைதிக்காகச் சிறப்பு வழிபாடு நடக்கிறது. அடுத்து சமாதானக் கூட்டம் கூடுகிறது. பல ஊர்களில் அந்தக் கூட்டம் முதலில் கேட்பது, அடிபட்டவர் புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்பதைத்தான். வழிபாட்டை நாம் குறை சொல்லவில்லை. அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே தட்டில் வைத்துப் பெறும் அமைதி எத்தகையது என்பதை ரெட்டியார்சத்திரம் வட்டாரக் கிறிஸ்தவர்களும் அவர்களின் மேய்ப்பர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2008 மார்ச் 9 அன்று எறையூரில் நடந்ததை மறக்க முடியாது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த அந்தக் கத்தோலிக்க ஊரில் ஆலயத்துக்குள் தலித் கிறிஸ்தவர்களுக்கு இடம் தனி. கல்லறைத் தோட்டமும் தனி. அவர்களது சவ ஊர்வலம் முதன்மைத் தெரு வழியே செல்ல முடியாது. இதைத் தாங்க முடியாமல் தங்கள் சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டு அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பதிலுக்கு அவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் ஒரே நற்கருணையை வாங்கியவர்கள். கலவரம் ஒரே நாளில் வெடித்தது. அதற்கான மருந்தோ ஆண்டாண்டுகளாக ஆலயத்துக்குள்ளேயே கிட்டிக்கப்பட்டு வந்தது.

இப்படித் தாக்கப்படும் தலித் கிறிஸ்தவருக்குச் சட்டமும் முழுத் துணையாக இல்லை. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு முடிச்சுப் போட்டது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். ஆகவே 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்குக் கிட்டுவதில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இந்தத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. டெல்லி அசையவில்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிறது ஆணை. தெருவில் கல்லெறிகிறவர் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டு எறிவதில்லை.

சட்டம் கைவிட்ட இடத்தில் திருச்சபையின் பொறுப்பு கூடுகிறது. ஆகஸ்ட் 10ஐ ஆண்டுதோறும் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து அரசிடம் சமநீதி கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை, நாமும் ஆதரிக்கிறோம். அந்தக் கோரிக்கைக்கு வலுச் சேர்ப்பது, கல்லறையிலும் தேர்ப்பவனியிலும் பங்குப் பேரவையிலும் அதே சமநீதியை முதலில் வழங்குவதே.

இது முடியாத காரியமும் அல்ல. திண்டுக்கல்லையும் தன் களமாகக் கொண்டிருந்த அமெரிக்க மதுரை மிஷன், 1847இல் தன் ஊழியர்கள் எல்லாச் சாதியாரோடும் அமர்ந்து அன்பு விருந்து உண்ண வேண்டும் என்று கண்டிப்புக் காட்டியது. மறுத்த உபதேசியார்கள் பலர் விலக்கப்பட்டனர். ஆள் குறைந்தாலும் மிஷன் அழிந்துவிடவில்லை. 2003 நவம்பரில் திண்டுக்கல் மறைமாவட்டம் உருவானது. அதே மாதம் தமிழக ஆயர்களைச் சந்தித்த போப் இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கலாகாது என்றார். கத்தோலிக்கரானாலும் சீர்திருத்தச் சபையாரானாலும் வழிகாட்டுதலுக்குப் பஞ்சமில்லை.

பதற்றம் வரும் முன்பே செய்ய வேண்டியவை உண்டு. கல்லறைத் தோட்டத்தில் பிரிவினை இருந்தால் அகற்ற வேண்டும். சப்பரம் காலனித் தெருவுக்கும் வர வேண்டும். பீடத்திலும் பாடகர் குழுவிலும் பேரவைப் பொறுப்பிலும் தலித் மக்களுக்கு உரிய இடம் தர வேண்டும். பதற்றம் வந்துவிட்டால், விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு ஆலய வளாகமும் பள்ளிக்கூடமும் அன்றிரவே திறக்கப்பட வேண்டும். பங்குத்தந்தையோ போதகரோ அவர்களோடு காவல் நிலையத்துக்கு நடந்து செல்ல வேண்டும். நேரில் கண்ட விசுவாசி நீதிமன்றத்தில் சாட்சி சொல்லத் தயங்கக் கூடாது. சாட்சிய வாழ்வு என்று மேடையில் சொல்வதற்கு ஊரறிந்த பொருள் அதுதான்.

நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போனவர்கள், குருவும் லேவியனும். நின்றவன், அவர்கள் தாழ்வாக எண்ணிய இனத்தான். கிறிஸ்தவர்கள் ஆண்டுக்கு எத்தனை முறை கேட்டாலும் சலிக்காத கதை இது. ஆதிக்க சாதியில் பிறந்த கிறிஸ்தவர் தன் சொந்தக்காரர்களின் கோபத்துக்கு அஞ்சாமல் காலனிப் பக்கம் நின்றால் அவருக்கு இழப்பு உண்டு: பெண் கொடுக்க மறுப்பார்கள், விசேஷத்துக்கு அழைக்க மாட்டார்கள். அந்த இழப்பைத்தான் சிலுவை என்று திருச்சபை இவ்வளவு காலமாகச் சொல்லி வந்திருக்கிறது.