கத்தரிக்கோல் பட்ட நூல்கள்



பழைய நூலொன்றின் பக்கங்கள்மீது வண்ணம் தீட்டி, படங்களை வெட்டி ஒட்டி, அச்சிட்ட சொற்களுள் சிலவற்றை மட்டும் தெரியவிட்டு, அந்நூலையே வேறொரு நூலாக மாற்றும் கலை ஒன்று உண்டு. ஓவியம் பயிலும் தம் மகள் இதில் இறங்கியிருப்பதைக் கண்ட தாய் ஒருவர், "சாமி, புத்தகத்தைப் பாழாக்குவது பாவமில்லையா? அதுவும் யாரோ ஒரு வெள்ளைக்காரர் செய்ததைப் பார்த்தல்லவா செய்கிறாள்!" என்று முறையிட்டார். இரு கேள்விகளும் நியாயமானவையே.

அந்த வெள்ளைக்காரர் டாம் பிலிப்ஸ் என்னும் ஆங்கில ஓவியர். மூன்று பென்னிக்குக் கிடைக்கும் முதல் நூலை வாங்குவதென்று முடிவுசெய்துகொண்டு, 1966இல் தென் இலண்டனில் பெக்கம் ரை என்னுமிடத்துப் பழம்பொருட் கிடங்கொன்றில் புகுந்தார். அகப்பட்டது, மேலாக் என்பவர் 1892இல் வெளியிட்ட 'எ ஹியூமன் டாக்குமென்ட்' என்ற நாவல். ஏறத்தாழ எல்லாரும் மறந்துவிட்ட நூல் அது. அதன் 367 பக்கங்களையும் பிலிப்ஸ் ஓவியமாக்கினார். பக்கத்தின் பெரும்பகுதியை வண்ணத்தால் மூடுவார். ஆங்காங்கே விட்டுவைத்த சொற்கள், வாய்க்கால்போல் ஓடும் வெண்தடங்களால் இணைந்து புதுக் கதை சொல்லும். அக்கதையின் நாயகன் பெயர் டோஜ். 'சேர்ந்து' எனப் பொருள்படும் 'டுகெதர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் அடங்கிய நான்கு எழுத்துகளே அப்பெயர். ஆகவே அச்சொல்லோ, அதனை உட்கொண்ட பிறிதொரு சொல்லோ அச்சாகியுள்ள பக்கத்தில்தான் அவன் தோன்ற இயலும். துணை கிட்டாது ஏங்கும் ஒருவனுக்குச் 'சேர்ந்து' என்ற சொல்லிலிருந்து பெயர்! வெளியிலிருந்து ஒரு சொல்லையும் கொண்டுவராமல் இதைக் கண்டெடுக்க, ஒரே பக்கத்தை எத்தனை முறை வாசித்திருக்க வேண்டும்! மேலாக்கை அவ்வளவு ஊன்றிப் படித்தவர் வேறெவரும் இரார் என்பது என் எண்ணம். 2016இல் வந்த இறுதிப் பதிப்புவரை பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புதிதாய்ச் செய்துகொண்டேயிருந்தார், 2022இல் மறைந்தார்.

இனி, பார்த்துச் செய்வது பற்றி. அச்சேறிய தாள்களை வெட்டி இடம்மாற்றி எழுதும் முறையைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பரோஸ் 1965இல் அளித்த பேட்டியே பிலிப்ஸைத் தூண்டியது. பரோஸோ, 1959இல் பாரிசில் செய்தித்தாள்களை வெட்டிப் பார்த்த பிரையன் கைசின் என்னும் ஓவியரிடம் அதைக் கற்றவர். கைசின் வெட்டினார், பிலிப்ஸ் மூடினார். முன்னவரிடம் துணிவைப் பெற்றுக்கொண்டு கைவேலையை மாற்றிக்கொண்டால், அதனைக் களவு என்பதற்கில்லை. அந்த மகளின் பக்கத்தில் பிலிப்ஸின் நிறங்கள் இருந்தால் இருக்கட்டும். தொடக்கத்தில் அது பாடமே. சொற்களை மட்டும் அவள் தன் நூலிலிருந்தே தேட வேண்டும்.

பாவமா என்ற கேள்விக்கு ஒரு பழைய வீட்டைக் காட்டுவேன். 1630களில் இங்கிலாந்தின் லிட்டில் கிடிங் என்னும் சிற்றூரில் நிக்கொலஸ் ஃபெரரின் குடும்பத்தார் நற்செய்தி நூல்களையே கத்தரித்தனர். நான்கு நற்செய்தியாளர்களின் வரிகளையும் துண்டுதுண்டாக வெட்டி, ஆண்டவரின் வாழ்வு ஒரே தொடராக அமையும்படி ஒட்டினர். இடையிடையே வெளிநாட்டுச் செதுக்கோவியர்களின் படங்களையும் வெட்டிச் சேர்த்தனர். வேலையில் பெரும்பங்கு அவ்வீட்டுப் பெண்களுடையது. முதலாம் சார்லஸ் மன்னர் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்துத் தமக்கும் ஒன்று வேண்டுமென்றார், 1635இல் பெற்றார். அவர்கள் ஆங்கிலிக்கன் சபையினர். படங்களுள் பலவோ கத்தோலிக்க ஆண்ட்வெர்ப்பில் அச்சானவை! கத்தரிக்கோலுக்குச் சபை வேறுபாடு தெரியாது போலும்.

ஆயினும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வெட்டலாகாது. நூலகத்து நூல், இரவல் நூல், பாட்டியார் பிறந்தநாள் இறந்தநாள் குறித்துவைத்த செபப் புத்தகம் ஆகியவற்றைத் தொடவே கூடாது. மறுபடி எளிதில் கிடைக்கக்கூடிய, தைத்துக் கட்டிய தடித்த நூலே ஏற்றது. ஒட்டும் படங்களால் நூல் வீங்கி முதுகு பிளவாதபடி முதலில் சில தாள்களை நீக்கிவிட வேண்டும். ஈரவண்ணம் மெல்லிய தாளைச் சுருக்கிவிடுமாதலால், இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்து ஒட்டி, பாரம் வைத்துக் காயவிட்ட பின்னரே தூரிகையைத் தொட வேண்டும். மைதா மாவுப் பசை வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. ஃபெவிகால் போதும்.