குட்டை வெட்டும் முன் ஒரு குழி

கேள்வி: மானாவாரி நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டினால் தண்ணீர் நிற்குமா, ஷீட் விரிக்க வேண்டி வருமா என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா?
– வாசகர், மணப்பாறை வட்டாரம்

பதில்: உண்டு. ஜே.சி.பி.யை வரவழைக்கும் முன் கடப்பாறையும் மண்வெட்டியும் ஒரு வாளியும் போதும்.

மேல்மண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மேலே மண் பிசுபிசுப்பாக இருக்கும். நான்கடிக்குக் கீழே சரளை தட்டலாம். குட்டையின் அடித்தளம் எங்கே வருமோ, அந்த ஆழத்து மண்தான் தண்ணீரைத் தாங்க வேண்டும். அதில் ஒரு பிடி எடுத்து, ஈரமாக்கிப் பிசைந்து, உருண்டையாக இறுக்கி, ஒன்றரை அடி உயரத்துக்குத் தூக்கிப் போட்டுப் பிடியுங்கள். உதிர்ந்தால் மணல் அதிகம். உடையாவிட்டால் களிமண் போதிய அளவு இருக்க வாய்ப்புண்டு.

அடுத்து, குட்டை வரும் இடத்தில் இரண்டு மூன்று குழிகள், இடுப்பளவு ஆழத்தில். காலையில் விளிம்பு வரை நீர் ஊற்றுங்கள். காய்ந்த மண் முதலில் குடிக்கும் தண்ணீரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதைப் பார்த்துப் பயந்து சோதனையை நிறுத்திவிடவும் கூடாது. மாலையில் மறுபடி நிரப்பி, குழியிலும் அருகில் நீர் நிரப்பி வைத்த வாளியிலும் மட்டத்தைக் குச்சியால் அளந்து, இரண்டையும் ஒரே மாதிரி ஓலையால் மூடுங்கள். ஆடோ குழந்தையோ விழாதிருக்க ஓலைக்கு மேல் பலகையும் வேண்டும்.

வாளியில் கசிவு கிடையாது. அதில் குறைவது காற்றில் போனது மட்டுமே. காலையில் குழியில் மூன்று அங்குலமும் வாளியில் கால் அங்குலமும் குறைந்தால், மண் குடித்தது இரண்டே முக்கால் அங்குலம். பெரும்பகுதி நீர் நின்றால் ஷீட் தேவைப்படாது. சிறு குழியில் பக்கவாட்டிலும் நீர் இறங்கும் என்பதால் ஓரளவு குறைவது இயல்பு. பாதிக்கு மேல் போனால் குளத்து வண்டலோ களிமண்ணோ பரப்பி, ஈரப்படுத்தித் திமிசு போட்டு, அதே குழியில் மறுபடி சோதித்துப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால்தான் ஷீட்டுக்குச் செலவு. மழை நாளில் இந்தச் சோதனை கூடாது.

கரிசல் நிலத்தாருக்கு ஒரு வார்த்தை: ஈரத்தில் நன்றாகத் தாங்கும் கரிசல், கோடையில் வெடித்தால் முதல் மழை வெடிப்பு வழியே இறங்கிவிடும்.

கிணற்றுக்கு நீர் ஊறுவதற்காகவே குட்டை வெட்டுவோர் கசியும் இடத்தையே தேர்ந்தெடுக்கலாம்.