டயரின் அளவும் மட்கார்டின் இடைவெளியும்

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1963-ஆம் ஆண்டில் இந்திய-சுவிஸ் கால்நடைத் திட்டம் தொடங்கப்பெற்ற இடம் இது. இத்தகைய மலைப்பகுதிகளில் கால்நடைப் பணியாளரின் அன்றாட வேலை வாகனத்தையே நம்பியிருக்கிறது. திரவ நைட்ரஜன் கலத்தில் உறைவிந்தை ஏற்றிக்கொண்டு, தேயிலைத் தோட்டங்களினூடே வளைந்து செல்லும் சாலைகளில் அவர் ஏறி இறங்க வேண்டும். வழியில் ஒரு டயர் கிழிந்தால், பசுவின் சினைப்பருவம் அதற்காகக் காத்திராது.

மலைச் சாலைக்குப் பெரிய டயரே உகந்தது என்ற எண்ணம் வாகனம் வைத்திருப்போரிடையே பரவியிருக்கிறது. தோற்றம் கம்பீரமாகிறது, கல்லும் பள்ளமும் எளிதில் கடக்கப்படும் என்ற நம்பிக்கையும் பிறக்கிறது. இந்த நம்பிக்கையைக் கணக்கில் வைத்துப் பார்ப்பது நலம்.

டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண்களே இக்கணக்கிற்குப் போதுமானவை. பொலேரோ வாகனத்தில் வழங்கும் 215/75 ஆர் 15 என்ற அளவை எடுத்துக்கொள்ளலாம். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் 75 விழுக்காடு, அதாவது 161 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். அது 381 மில்லிமீட்டர். பக்கச்சுவர் மேலும் கீழும் வருவதால் அதனை இருமுறை கூட்ட, முழு விட்டம் 703.5 மில்லிமீட்டராகிறது. இதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 டயரைப் பூட்டினால் விட்டம் 733.5 மில்லிமீட்டராகும்.

விட்டத்தில் 30 மில்லிமீட்டர் கூடினாலும், அச்சு தரையிலிருந்து உயர்வது அதில் பாதியே. பதினைந்து மில்லிமீட்டர் என்பது ஒரு விரல் அகலம். இந்த ஒரு விரலுக்காகக் கொடுக்கும் விலை சிறிதன்று. மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே அதே பதினைந்து மில்லிமீட்டர் குறைகிறது. உட்புறமும் வெளிப்புறமும் பத்துப் பத்து மில்லிமீட்டர் நெருக்கம் உண்டாகிறது. வேகமானி 40 என்று காட்டுகையில் உண்மை வேகம் ஏறத்தாழ 41.7 கிலோமீட்டராகிவிடும். ஏற்றத்தில் சக்கரத்தின் இழுவிசை நூற்றுக்கு நான்கு பங்கு குறைகிறது. இறக்கத்தில் அதே அளவு நிறுத்த பிரேக்கிற்கு அதற்கேற்ப அதிக அழுத்தம் வேண்டியிருக்கிறது.

கடை வாயிலில், சமதரையில், ஆளில்லாமல் நிற்கும் வாகனத்தில் டயர் எங்கும் உரசுவதில்லை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, ஆட்களும் சாமான்களும் நிறைந்த நிலையில், ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஸ்பிரிங் அமுங்கும்போதுதான் உரசல் நேர்கிறது. மழைக்காலத்தில் டயரின் பட்டன்களுக்கிடையே அப்பும் சேறு எஞ்சிய இடைவெளியையும் அடைத்துவிடுகிறது. மட்கார்டின் தகட்டு விளிம்பு பக்கச்சுவரைச் சீவக்கூடும். உட்புறத்தில் டயர் பிரேக் குழாயைத் தொடுமாயின் ஆபத்து அதனினும் பெரிது. குழாய் தேய்ந்து துளைபட்டால் அந்தச் சக்கரத்தின் பிரேக் செயலற்றுப் போகும்.

உரசல் கண்டபின் செய்யப்படும் பரிகாரங்கள் பெரும்பாலும் நோயை வேறிடத்திற்கு மாற்றுவனவே. மட்கார்டை வெட்டினால் சேறும் கல்லும் பின்வருவோர்மேல் தெறிக்கும். வெட்டிய விளிம்பில் துருவும் ஏறும். சக்கரத்தை வெளியே தள்ளும் ரிம்மைப் பூட்டினால் உட்புற உரசல் நீங்கலாம். ஆனால் அது 20 மில்லிமீட்டர் தள்ளுமாயின், அகன்ற டயரின் வெளி விளிம்பு முன்னிருந்ததைவிட 30 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். சக்கரத் தாங்கியின்மேல் சுமையும் கூடும். சட்டமும் இத்தகைய மாற்றங்களுக்கு இடம் தருவதில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று.

ஆதலின், வாகனத்தின் கையேட்டிலும் தகவல் பட்டையிலும் குறித்த அளவையே வாங்குவது நேர்வழி. அவ்வளவு கிடைக்காதபோது தயாரிப்பாளர் ஒப்பிய மாற்று அளவை மட்டுமே கொள்ளலாம். சுமைக் குறியீடும் வேகக் குறியும் குறைதல் கூடாது. அதன் பின்னும் ஒரு சோதனை தேவை. மட்கார்டின் உட்புறத்திலும் அருகிலுள்ள கம்பிகளிலும் பிசைந்த களிமண்ணை விரல் தடிப்பில் அப்ப வேண்டும். வழக்கமான சுமையுடன், திறந்த இடத்தில், ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் ஒடித்து, சிறு மேடு பள்ளங்களின்மேல் மெல்ல ஓட்ட வேண்டும். களிமண்ணில் டயரின் தடம் பதிந்திருந்தால் அந்த டயர் அவ்வாகனத்திற்கு ஏற்றதன்று. அலுவலகங்களில் டயர் கொள்முதல் குறிப்பில் விலையோடு இச்சோதனையின் முடிவும் எழுதப்படுமாயின், பின்னர் வரும் செலவும் இடரும் பெரிதும் குறையும். அதனை எழுதத் தக்கவர் வண்டியை நாள்தோறும் ஓட்டும் ஓட்டுநரே.

ஆசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு. விழுக்காடு, விட்டம், அரைவிட்டம், அலகு மாற்றம் ஆகிய நான்கும் பள்ளி வாயிலில் நிற்கும் ஜீப்பின் டயரிலேயே இருக்கின்றன. மாணவர் அளவுநாடாவும் கரித்துண்டும் கொண்டு அதனைக் கணக்கிட்டுக் காணலாம். அவ்வாறு கணக்கிட்ட சிறுவன் நாளை வண்டியோட்டும்போது, தோற்றத்தைக் கண்டு டயர் வாங்கமாட்டான்.