சோற்றுப் பொட்டலமும் வாடகைப் பணமும்

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு பெண்மணி இருப்பார். ஐம்பது வயது இருக்கலாம். மடியில் துணிமூட்டை, வாயில் ஓயாத பேச்சு. ஆருத்ரா தரிசனத்தன்று அவருக்கு ஏழெட்டுச் சாப்பாட்டுப் பொட்டலம் சேர்ந்துவிடும். போன மார்கழியில் நானும் ஒன்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "ராத்திரி எங்க படுக்கிறது ஐயா?" என்று தெளிவாகக் கேட்டார். பதில் சொல்லாமல் பஸ் ஏறிக் கடலூர் வந்துவிட்டேன்.

சோறு போடுவதில் நம் மாவட்டத்தைக் குறை சொல்ல முடியாது. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே சர்வதேச மையம் கட்ட அரசு சுமார் 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. கட்டட்டும். ஆனால் மனநோயோடு தெருவில் கிடப்பவருக்கு அரசே ஒரு வாடகை வீடு பிடித்துத் தரவேண்டும் என்று நான் சொன்னபோது, வெள்ளிக் கடற்கரையில் கூட நடக்கும் நண்பர்கள் சிரித்தார்கள். "எத்தனை பேருக்குத்தான் அரசாங்கம் வாடகை கட்டும்? அதுக்குத்தான் ஆசிரமங்கள் இருக்கே" என்றார் ஒருவர். மாதக் கடைசியில் அவருக்கும் எனக்கும் ஓய்வூதியம் எங்கிருந்து வருகிறதாம்?

ஆசிரமம் என்றால் என்ன என்று பார்த்தோமே. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஏர்வாடியில் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றமே தலையிட்டது. அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தோம். 2023 பிப்ரவரியில், நமக்குப் பக்கத்திலேயே, விக்கிரவாண்டியை அடுத்த குண்டலப்புலியூரில், உரிமம் இல்லாத ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டார்கள். காணாமல் போனவர்கள், சித்திரவதை, பாலியல் கொடுமை என்று புகார்கள். விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அரசு செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்ட இடத்தில்தான் இவை முளைக்கின்றன.

சட்டம் இல்லாமலா? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 19. வீடில்லை, குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது. இடைநிலை இல்லங்கள், குழு இல்லங்களை அரசு ஏற்படுத்தவோ ஆதரிக்கவோ வேண்டும் என்கிறது. எப்போது? 'நியாயமான காலத்துக்குள்'. முப்பது வருஷம் கோப்பு தள்ளியவனுக்குத் தெரியும், தேதி போடாத வாசகத்துக்கு நினைவூட்டல் கடிதம்கூட அனுப்ப முடியாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லமாட்டேன். சில மாவட்டங்களில் அவசர சிகிச்சை, மீட்பு மையங்கள் நடக்கின்றன. தெருவிலிருந்து அழைத்து வந்து, மருந்து கொடுத்துத் தேற்றுகிறார்கள். தேறியபின்? வீட்டார் இருந்து ஏற்றுக்கொண்டால் சரி. இல்லாவிட்டால் மறுபடி கீழ வீதிதான்.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1993-இல் தொடங்கிய 'தி பான்யன்' 2015 முதல் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்து, நாலைந்து பேரைச் சேர்த்துக் குடிவைக்கிறது. உடன் துணையாள் உண்டு. சமையல், கடைகண்ணி, பொங்கல் எல்லாம் உண்டு.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்நாட்டுச் செய்திகளை மேய்வது என் வழக்கம். அங்கே 2011-இல் பாரிஸ், மர்சேய், லீல், துலூஸ் ஆகிய நான்கு நகரங்களில் அரசே பணம் போட்டு 'முதலில் வீடு' என்று ஆரம்பித்தது. குணமானால்தான் வீடு என்ற நிபந்தனை கிடையாது. பெரும்பாலோர் வீட்டில் நிலைத்தார்கள். மருத்துவமனையில் கிடந்த நாட்கள் வெகுவாகக் குறைந்து, போட்ட பணத்தில் பெரும்பகுதி அங்கேயே மிச்சமானது. 2016 கடைசியில் அதை நிரந்தரத் திட்டமாக்கினார்கள். பணக்கார நாடு என்பீர்கள். நான் கேட்பது பாரிஸ் வாடகை அல்ல, புதுப்பாளையம் வாடகை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில், தேறிய நான்கு பெண்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் வீடு கேட்டு வந்தது. தெருவே எதிர்த்தது. ஆட்சேப மனு எழுதியவன் நான். 'பெண்கள், குழந்தைகள் பாதுகாப்பு கருதி' என்று அழகாக வாசகம் போட்டேன். வரவிருந்தவர்களும் பெண்கள்தான் என்பது அன்று உறைக்கவில்லை. அவர்கள் வரவில்லை.

இப்போது இன்னொரு மனு எழுதியிருக்கிறேன். கடலூரில் ஒரு வீடு, சிதம்பரத்தில் ஒரு வீடு. வாடகை, துணையாள் சம்பளம், மளிகை, மருந்து எல்லாம் ஆண்டுதோறும் அரசு நிதியிலிருந்து, நன்கொடையை நம்பி அல்ல. வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுக்கப் போகிறேன். நகல் என் வீட்டில் இருக்கிறது. முன்பு என் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் முதலில் வரவும்.