ஊக்கத்தைக் குலைத்தவர் யார்?

கட்டைபறிச்சான், சம்பூர்ப் பக்கத்து உழவருக்கு ஊக்கம் குன்றிவிட்டதாம்! நிவாரணம் அவர்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டதாம்! இவ்வாறு பேசும் கனவான்களைக் கேட்கிறோம்: கோப்பு எழுதுகையில் தொலைபேசி மணி அடித்தாலே முகம் சுளிக்கிறீர்களே, விதைத்த வயலை விட்டு ஓடியவனின் மனநிலை உங்களுக்கு விளங்குமா?

2006இல் போர் மூண்டபோது சம்பூர் மக்கள் போட்டது போட்டபடி வெளியேறினர். கட்டைபறிச்சான், கிளிவெட்டி, மணற்சேனை, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டனர். வயல் சில மைல் தொலைவிலேயே கிடந்தது; கால் வைக்கத்தான் அனுமதியில்லை. உயர் பாதுகாப்பு வலயம் என்றனர். பின்பு அனல் மின்நிலையம் என்றனர். அந்த மின்நிலையமும் 2016இல் கைவிடப்பட்டது!

பெர்லினில் ஆராய்ச்சி நடத்திய மரியா ஒவ்சியாங்கினா 1928இல் ஓர் உண்மையை வெளியிட்டார். வேலையை இடையில் நிறுத்தச் செய்தால், தடை நீங்கியதும் பெரும்பாலோர் எவரும் ஏவாமலே அதனை மீண்டும் கையிலெடுக்கின்றனர். நம் உழவரும் அதனையே செய்தனர். 2015 முதல் காணிகள் திரும்பக் கிடைத்தபோது, பற்றைக்காட்டை வெட்டி மீண்டும் வரம்பு கட்டினர். சோம்பேறிகளா இவர்கள்?

அதன்பின் நடந்ததென்ன? 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை! நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் சிறுபோகம் கழிந்து, பெரும்போக விதைப்பும் தொடங்கிவிட்டது. மீண்டும் மீண்டும் கையைத் தட்டிவிட்டால் எவனுக்குத்தான் மனம் கசக்காது? அடுத்த போகத்துக்குக் கடன் வாங்க அவன் தயங்குவதில் வியப்பென்ன?

ஆரம்பக் கூட்டத்தில் உழவருடன் இருந்து தீர்மானித்ததை, அறுவடை முடியுமுன் கொழும்பு மாற்றலாகாது. மாற்றினால் நட்டத்தைக் கொழும்பே கட்டட்டும்!