பெற்றோரைப் பள்ளி அழைக்கும் முறை

"நாளைக்கு வரும்போது அம்மாவை அழைத்துக்கொண்டு வா" என்று ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால், அதைக் கேட்ட மாத்திரத்தில் தாயின் வாயில் வருவது, "என்னடா செய்துவிட்டு வந்தாய்?" என்னும் கேள்வியே ஆகும். சந்தோஷமான சமாசாரம் ஒன்றைச் சொல்வதற்காகவும் பள்ளிக்கூடம் தன்னை அழைக்கக்கூடும் என்ற எண்ணம் அவளுக்குத் தோன்றுவதில்லை. தோன்றும்படி பள்ளிக்கூடங்கள் நடந்துகொண்டதும் இல்லை. தொடக்கப் பள்ளியும் குடும்பமும் ஒத்துழைத்தாலன்றிக் குழந்தையின் கல்வி நிலைபெறாது என்று மேடைதோறும் பேசிவரும் நாம், அந்த ஒத்துழைப்பைத் தொடங்கிவைக்க வேண்டிய கடமை யாருடையது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அந்தக் கடமை, படித்தவரும் உத்தியோகத்தில் இருப்பவருமான ஆசிரியரையே சார்ந்தது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சட்டம் இந்த விஷயத்தில் தாராளமாகவே இருக்கிறது. 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று அமைய வேண்டும் என்றும், அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. பள்ளியின் நடைமுறையைக் கண்காணிப்பதும், அதன் வளர்ச்சிக்குத் திட்டம் வகுப்பதும், மானியம் செலவாகும் விதத்தைக் கவனிப்பதும் அக்குழுவின் வேலைகள். தமிழ்நாட்டில் 2022-இல் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில் மாநிலமெங்கும் பெற்றோரைத் திரட்டி இக்குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பெற்றோர் ஒருவரே குழுவின் தலைவர் என்பது இங்குள்ள ஏற்பாடு. காகிதத்தில் இதைவிடக் கண்ணியமான ஸ்தானத்தை ஏழைத் தாய் ஒருத்திக்கு வேறு எந்த ஸ்தாபனமும் அளித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் கூட்டம் நடக்கும் வேளையைக் கவனியுங்கள். வேலை நாளொன்றின் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் என்றால், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவளும், திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு பார்க்கிறவளும், சித்தாள் வேலைக்குச் செல்கிறவளும் அன்றைய கூலியை இழந்தாலொழிய அதற்கு வர இயலாது. வராதவளுடைய கையெழுத்துக்காகத் தீர்மானப் புத்தகம் பிள்ளையின் கையிலேயே வீட்டுக்குப் போய்த் திரும்புகிற ஊர்களும் உண்டு. மேசையைச் சுற்றியுள்ள நாற்காலிகளில் ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் அமர்ந்திருக்க, சட்டப்படி தலைவியான பெண், அதுவும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவளாக இருந்துவிட்டால், கதவோரம் நின்றபடியே 'சரிங்க' என்று சொல்லிப் போகும் நிலை எங்கேனும் இருக்குமாயின், அந்தப் பள்ளியில் குழு என்பதே கிடையாது என்றுதான் நான் கொள்வேன். ஏற்ற வேளையும், உட்கார ஒரு நாற்காலியும், பேசினால் காதுகொடுத்துக் கேட்கிற மரியாதையும் இல்லாத இடத்தில், மற்றப் பிரயத்தனங்கள் எதுவும் பயன்படப் போவதில்லை.

ஊரார் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது நமக்குப் புதிய பழக்கமன்று. காமராஜர் காலத்து மதிய உணவு, 1956-இல் ஊராரின் நன்கொடையைத் துணைகொண்டே தொடங்கியது. அக்காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், அரை வயிற்றுக் கஞ்சி குடித்த குடியானவர்கள்கூடத் தம் ஊர்ப் பள்ளிக்கு நிலமும் பெஞ்சும் சிலேட்டும் சீருடையும் மனமுவந்து அளித்தார்கள். அதற்குச் சற்று முன்பு, 1953-இல், தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்ததும், குலத்தொழிலைக் குழந்தையின் தலையில் கட்டுகிற ஏற்பாடு என்று நாடே எதிர்த்ததும், காமராஜர் முதலமைச்சரான 1954-இல் அது கைவிடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். இந்த இரண்டு அநுபவங்களையும் சேர்த்துப் பார்த்தால், குடும்பத்திடம் பள்ளி எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பது விளங்கும். பெற்றோரின் தொழிலைப் பிள்ளையின் தலைவிதியாக்குவது அக்கிரமம். பெற்றோர் தம் பிள்ளையைப் பற்றி அறிந்திருப்பதை மதித்துக் கேட்பதோ அவசியம்.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நாம் போதிய அளவு உணரவில்லை. 2022 முதல் நம் தொடக்கப் பள்ளிகளில் நடந்துவரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், குழந்தைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வைத்துக் கற்பிக்கிறார்கள். முறை நல்ல முறையே. ஆயினும், "உங்கள் பையன் இன்னும் அரும்பில்தான் இருக்கிறான்" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாயிடம் சொன்னால் அவள் என்ன தெரிந்துகொள்வாள்? தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அதற்குப் பதிலாக, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பிள்ளையின் கையில் பாடப் புத்தகத்தைக் கொடுத்து, "அம்மா, போன மாசம் இவன் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் படிச்சான், இப்போ படிக்கிறதைக் கேளுங்க" என்று ஆசிரியை சொல்லட்டும். பிள்ளை ஒரு வரியைத் தட்டுத் தடுமாறியேனும் படித்து முடிக்கும்போது, எழுத்தே அறியாத அந்தத் தாய்க்கும், தன் மகன் எங்கே இருந்தான், எங்கே வந்திருக்கிறான் என்பது ஐயமறத் தெரிந்துவிடும். அப்போதுதான் அவளும் வாய் திறப்பாள். "கழித்தல் வரலைன்னு சொல்றீங்க டீச்சர், சாயங்காலம் பட்டியில ஆடு அடைக்கிறப்ப எத்தனை உருப்படி குறையுதுன்னு இவன்தான் சொல்லுவான்" என்பாள். மறுநாள் கழித்தல் கணக்கை எங்கிருந்து தொடங்கலாம் என்பதை அந்த ஒரு வாக்கியம் ஆசிரியைக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காத இத்தகைய செய்திகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன. கேட்பவர் இல்லாமையால் அவை அங்கேயே தங்கிப்போகின்றன.

வீட்டிலிருந்து பள்ளி எதிர்பார்க்க வேண்டியது பாடம் கற்பிப்பதை அன்று. பள்ளியில் முடியாததை வீட்டுப்பாடமாகக் கட்டி அனுப்பினால், படித்த பெற்றோரின் பிள்ளை அதைத் தாயைக் கொண்டு முடிக்கும். வசதியுள்ள பிள்ளை டியூஷனுக்குப் போகும். கூலிக்காரரின் பிள்ளை மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்கும். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது வெகு நியாயமான காரியம். குழந்தை நாள் தவறாமல் பள்ளிக்கு வருவது, போதிய தூக்கம் தூங்குவது, இரவில் அது வாசிக்கும்போது வீட்டில் ஒருவர் செல்போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பது, பாட்டியோ தாத்தாவோ கதை சொல்வது, வீட்டில் சாவோ சண்டையோ நோயோ நேர்ந்தால் ஆசிரியருக்குத் தெரிவிப்பது ஆகிய இவற்றுக்கு எந்தத் தாய் தந்தையருக்கும் எழுத்தறிவு வேண்டியதில்லை. தந்தையர் என்று நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளிக் காரியம் முழுவதையும் தாய் ஒருத்தியின் பொறுப்பாக்கி ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம் நம் ஆண்களிடம் அளவுக்கு மிஞ்சி வளர்ந்துவிட்டது.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களின் நிலை தனியாகச் சொல்லத்தக்கது. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் புறப்படுகிறவர்கள், முன்பணம் வாங்கிய இரவிலேயே பிள்ளை குட்டிகளோடு லாரி ஏறிவிடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயருக்கு நேரே மாதக்கணக்கில் வருகையின்மை நிறைகிறது. போவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிச் செல்லும் அளவுக்கு அந்தத் தாய்க்கும் ஆசிரியருக்கும் இடையே பரிசயம் இருந்தால், குழந்தையைப் பாட்டியிடம் விட்டுச் செல்லலாமா என்று யோசிக்கலாம். சூளைக்கு அருகிலுள்ள பள்ளியில் சேர்க்கச் சொல்லலாம். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி எந்தப் பள்ளியும் குழந்தையைச் சேர்க்க மறுக்கலாகாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு கூறுகிறது. இதைச் சூளைக்குப் போகிற தாயிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்?

ஆசிரியர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஐந்து வகுப்புகளையும் இரண்டே பேர் சுமக்கும் ஈராசிரியர் பள்ளியில், பாடத்தோடு பதிவேடுகளும் செயலிகளில் ஏற்ற வேண்டிய விவரங்களும் குவிந்து கிடக்கையில், பெற்றோருடன் பேசுவதற்கு நேரம் எங்கே என்று அவர்கள் கேட்பது வெறும் சாக்கன்று. ஆகவே அந்த நேரத்தை உண்டாக்கித் தரவேண்டியது கல்வித் துறையின் கடமை. கேட்கப்படும் புள்ளிவிவரங்களில் பாதியைக் குறைத்தாலே போதும். வாட்ஸ்அப் குழுவில் நீண்ட அறிவிப்புகளை எழுதி அனுப்புவதைக் காட்டிலும், ஆசிரியர் தம் குரலிலேயே நாலு வார்த்தை பேசி அனுப்பினால், படிக்கத் தெரியாத வீட்டிலும் அது கேட்கப்படும்; இதற்குப் பைசா செலவில்லை.

மேலாண்மைக் குழுவின் கூட்டத்தை எந்த நாளில், எந்த வேளையில் நடத்துவது என்று தீர்மானிக்கும் உரிமையை அந்தந்தக் குழுவுக்கே அரசு விட்டுவிட வேண்டும். மாலையோ விடுமுறை நாளோ, கூலி இழக்காமல் வரக்கூடிய வேளையை ஊர்க்காரர்களே சொல்லிவிடுவார்கள். விடுமுறை நாளில் வரும் ஆசிரியருக்கு ஈடாக வேறொரு நாள் விடுப்புத் தரட்டும். தலைமையாசிரியர்கள் இந்தக் கல்வியாண்டில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும், குறை சொல்வதற்கு முன்பாக, நல்ல செய்தி ஒன்றைச் சொல்லி அனுப்ப வேண்டும். பெற்றோர்களும், அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது, தயங்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்து, தங்கள் பிள்ளையைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.